வாகனமில்லாத தீவுக்கு மர்லியா போன கதை

மர்லியா தன் மகளின் கையைப் பிடித்து வீதி கடப்பதில்லை. மணிக்கட்டைப் பிடித்துத்தான் கடப்பாள். விரல் வியர்த்தால் வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது என்பது அவளது நியாயம். வெள்ளவத்தையில் காலி வீதியின் மஞ்சள் கடவையில் பின்னேரம் நின்று பார்த்தால், அவளுடைய ஐந்து விரலும் பூட்டுப் போட்ட மாதிரி இறுகியிருப்பது தெரியும். அந்தப் பக்கம் போய், நடைபாதையில் ஏறி, ஒரு கடைச் சுவரோடு ஒட்டி நின்ற பிறகுதான் அந்தப் பூட்டுத் திறக்கும். அதனால் அர்பாவின் வலக்கையில் வளையல் கிடையாது. இருக்கிற வளையல் எல்லாம் இடக்கையில்தான்.

அர்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேளாது. பஸ்காரன் ஹோர்ன் அடித்தாலும் தெரியாது, முதுகுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் வந்தாலும் தெரியாது. கொழும்பில் ஹோர்ன் அடிக்கிற ஒவ்வொருவனும், நான் அடித்துவிட்டேன், இனி விலகுவது உன்பாடு என்றுதான் நினைக்கிறான். கேளாத ஒரு பிள்ளை முன்னால் போகலாம் என்ற எண்ணம் ஒருவனுக்கும் வராது. எனக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் மயூரி. காலி வீதியில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்னச் சுற்றுலாக் கொம்பனியில் மர்லியாவும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. முதலாளி கனகசபாபதி, எங்களுக்குச் சபா சேர். நான் மாலைதீவுத் தீவுகளை விற்கிறேன். அவள் கோல்ஃப் விற்கிறாள். சிங்கப்பூரிலிருந்தும் கொரியாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆண்கள் கூட்டமாக வந்து, கொழும்பில் ஒரு நாள், கண்டிப் பக்கம் ஒரு நாள், நுவரெலியாவில் ஒரு நாள் என்று பந்தடித்துவிட்டுப் போவார்கள். எந்த மைதானத்தில் எத்தனை மணிக்கு முதல் அடி, யாருக்கு எந்த வான், பை தூக்க எத்தனை பேர், ஏற்ற எத்தனை வண்டி, யார் மாட்டிறைச்சி தின்னமாட்டார், எல்லாம் மர்லியா பார்ப்பாள். அவள் ஒரு கோல்ஃப் தடியைத் தொட்டதே இல்லை. ஒரு சின்ன வெள்ளைப் பந்தை ஒரு சின்னக் குழிக்குள் விழுத்த இவ்வளவு காணி எதற்கு என்று நான் கேட்பேன். வெள்ளவத்தையில் அந்தக் காணி கிடைத்தால் எங்கள் ஆட்கள் எத்தனை தொடர்மாடி கட்டியிருப்பார்கள்! அவள் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

அவள் வீடு கொட்டாஞ்சேனையில். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் வாசலை உரசிக்கொண்டு போகும் ஒழுங்கை. கணவன் ரிம்ஸான் டோஹாவில் ஒரு களஞ்சியசாலையில் வேலை, வருடத்துக்கு ஒரு முறை வருவார். அர்பா இரத்மலானையில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பள்ளிக்கூட வான் பின்னேரம் அவளை எங்கள் ஒஃபிஸ் வாசலில் இறக்கிவிடும். வேலை முடியும்வரை தாயின் மேசையோரம் உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் பற்றி விமர்சனம் செய்வாள், கையால். எனக்கு அவள் வைத்திருக்கும் பெயர், நான்கு விரலும் கட்டைவிரலும் கொக்கின் அலகு மாதிரித் திறந்து திறந்து மூடும் ஒரு சைகை. வாயாடி என்று அர்த்தம். அதை ஒஃபிஸ் முழுவதும் எடுத்துக்கொண்டுவிட்டது, சபா சேர் உட்பட.

அந்தப் பிள்ளை பேசத் தொடங்கினால் நிற்காது. இரண்டு கையும் முகமும் தோளும் சேர்ந்து பேசும். ஆனால் படியிறங்கி வீதிக்கு வந்ததும் ஒரு கை தாயின் பிடிக்குள் போய்விடும். மிச்சம் ஒரு கை. ஒரு கையால் என்ன பேச முடியும்? பாதி வசனம்தான் வரும். கொஞ்சத் தூரம் முயன்று பார்த்துவிட்டு அதையும் விட்டுவிடுவாள். வீதியில் அர்பாவைப் பார்ப்பவர்கள், பாவம், அமைதியான பிள்ளை என்று சொல்வார்கள். அமைதியாவது! வாயைப் பொத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது மர்லியாவுக்குத் தெரியாதா? தெரியும். ஒரு நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் சொன்னாள்.

"நான் அவட கையப் புடிக்கல்ல மயூரி, வாயப் புடிச்சிட்டு ஈக்கிறன். ஆனா விட்டாப் புள்ள போயிடும். எனக்கு வேற வழி ஈக்கா?"

வந்த பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டேன். 

அந்தச் சனிக்கிழமை வராமல் இருந்திருந்தால் அவள் அப்படியே பழகிப்போயிருப்பாள் என்று நினைக்கிறேன். சனிக்கிழமைகளில் அர்பாவை மர்லியாவின் தங்கை நஸ்லா வைத்திருப்பாள். அன்று நஸ்லாவின் குழந்தைக்குக் காய்ச்சல். சிங்கப்பூரிலிருந்து பெரிய கூட்டம் ஒன்று வந்திருந்தது, மர்லியா மைதானத்தில் நின்றே ஆகவேண்டும். உதவிக்கு நானும் போனேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனோம். ஓரமாக நடந்தால் சரி என்று விட்டார்கள்.

புல் என்றால் அப்படி ஒரு புல். நடுவே ரயில் பாதை ஒன்று போகிறது. ரயில் வரும்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் நிற்பார்கள். எங்களுக்குக் கேட்பதற்கு முதலே அர்பா நின்றுவிட்டாள், காலுக்குக் கீழே நிலம் அதிர்வது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவளுடைய கண்ணை விரித்தது வேறொன்று. அடிக்கிறவருக்கு வெகுதூரம் முன்னால் ஒரு ஆள் போய் நிற்பார். பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. கத்திச் சொன்னால் கேட்காது, அதனால் கையால் சொல்வார். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினால் பந்து பற்றைக்குள் போய்விட்டது. இரண்டு கையையும் தரைக்குச் சமமாக விரித்தால், பந்து பத்திரம், நல்ல இடத்தில் கிடக்கிறது. இவர்கள் இங்கிருந்து பார்த்துத் தலையாட்டுவார்கள்.

அர்பா தாயின் சட்டையை இழுத்துக் கையால் கேட்டாள். "அவருக்கும் காது கேக்காதா?"

"கேக்கும்."

"பிறகு ஏன் கையால் பேசுகிறார்?"

"தூரம். சத்தம் போகாது."

அர்பா மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல இடம்" என்றாள்.

அங்கே வாகனம் இல்லை, வீதி இல்லை. எங்கே பார்த்தாலும் புல்லும் கொக்கும்தான். மர்லியாவின் பிடி எப்போது தளர்ந்தது என்று அவளுக்கே தெரியாது. அர்பா எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள், தன்பாட்டில், இரண்டு கையாலும் கொக்குகளோடு பேசிக்கொண்டு. திறந்த வெளியில் அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மர்லியா நடக்க மறந்து நின்றாள். நானும் நின்றேன்.

"ஃபோர்!" என்று யாரோ கத்தினார்கள். பந்து தவறி ஆட்கள் பக்கம் வருகிறது என்றால் அப்படித்தான் கத்துவார்கள். கத்தினால் எல்லோரும் தலையைக் கையால் மூடிக் குனியவேண்டும். எல்லோரும் குனிந்தோம். மர்லியாவும் குனிந்தாள். அர்பா மட்டும் நிமிர்ந்து நின்று கொக்கைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பந்து அவளுக்குப் பின்னால், எட்டிப் பிடிக்கிற தூரத்தில், புல்லில் தொப்பென்று விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியவள் அதைக் கண்டாள், சந்தோஷமாக எடுத்தாள், அடித்தவரிடம் ஓடிப்போய்க் கொடுத்தாள். கோல்ஃபில் ஆட்டத்திலிருக்கும் பந்தை இன்னொருவர் தொடவே கூடாது. அந்த மனிதர் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. பந்தை வாங்கிக்கொண்டார், பிள்ளையின் தலையைத் தடவினார்.

மர்லியா போய் மணிக்கட்டைப் பிடித்தாள். மறுநாள் அர்பாவின் கையில் விரல் அடையாளம் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் தீவு வந்தது.

என்னுடைய தீவுகளில் ஒன்றைப் பற்றி, தேனிலவுக்குப் போகிறவர்களுக்காக நான் ஒரு வசனம் எழுதி வைத்திருந்தேன்: "இத்தீவில் வாகனங்கள் இல்லை. காலடி ஓசையும் கடலும் மட்டுமே." நான் போய்ப் பார்த்து எழுதியதல்ல. அவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டே எழுதியது. மர்லியா அதை என் திரையில் ஒரு நாள் வாசித்தாள். பிறகு தினமும் தேத்தண்ணி நேரத்தில் என் மேசைக்கு வரத் தொடங்கினாள்.

"மெய்யா மயூரி, வாகனமே இல்லையா?"

"ஓம், இல்லைத்தான். நான்தானே விக்கிறனான்."

"மோட்டார் சைக்கிளும் இல்லையா?"

"இல்லை."

"மீன் கொண்டு வாறவன்?"

"வள்ளத்தில வருவான். என்ன மர்லியா, பேலியகொடைச் சந்தையிலிருந்தா லொறியில அங்க மீன் போகுது?"

அடுத்த நாள் வேறு கேள்வி. தீவு எவ்வளவு நீளம், ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடக்க எவ்வளவு நேரம், பாதை மண்ணா சீமெந்தா. நீச்சல் தடாகம் உண்டா, என்ன சாப்பாடு, அறை எப்படி என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. பாதையைப் பற்றி மட்டும்தான் கேட்டாள்.

"அவ எனக்கு முன்னுக்கு நடந்து போகணும். நான் பொறத்தால சும்மா பாத்துட்டுப் போகணும். ஒரு பின்னேரம் போதும். வேற ஒண்டும் வேணாம் எனக்கு."

சிலர் கனடா கேட்கிறார்கள், சிலர் மாளிகை கேட்கிறார்கள். இவள் கேட்டது மகளுக்குப் பின்னால் நடக்க ஒரு மண்பாதை. அவளைக் கிண்டல் செய்து பழகிய எனக்கு அன்று கண் கலங்கியது. முகம் கழுவப் போவதாகச் சொல்லி எழுந்து போனேன்.

அர்பாவுக்கும் கதை தெரிந்துவிட்டது. தாயும் மகளும் தீவுக்கு ஒரு சைகை வைத்துக்கொண்டார்கள். ஒரு கை மற்றக் கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும், பிறகு விடும். பிடித்து, விட்டால், தீவு. பள்ளிக்கூட வானிலிருந்து இறங்கும்போதே அர்பா தூரத்திலிருந்து அதைச் செய்து காட்டுவாள். எப்போது என்று கேட்கிறாள் என்று அர்த்தம். மர்லியா வானத்தைக் காட்டுவாள். இன்ஷா அல்லாஹ்.

காலம் அப்படியே போயிருக்கும். ஒரு நாள் சபா சேர் எங்களைக் கூப்பிட்டார். அதே தீவில் ஆறு குழிகளோடு ஒரு சின்னக் கோல்ஃப் மைதானம் போட்டிருக்கிறார்களாம். கொழும்புக்கு வரும் கோல்ஃப் கூட்டங்களை அங்கேயும் கொண்டுவரச் சொல்லிக் கேட்கிறார்கள். வந்து பார்த்துப் போகும்படி எங்கள் கொம்பனிக்கு இரண்டு இடம் தந்திருந்தார்கள். இந்தத் தொழிலில் அது வழக்கம், விற்கிறவர்களைக் கூப்பிட்டு இரண்டு இரவு சும்மா தங்க வைப்பார்கள்.

"தீவு மயூரி, கோல்ஃப் மர்லியா. ரெண்டு பேரும் போட்டு வாங்கோ பிள்ளையள்."

மர்லியா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்கமாட்டாள் என்று தெரியும். நான் கேட்டேன்.

"சேர், பன்னிரண்டு வயசுக்குக் கீழ பிள்ளையளுக்கு அங்க காசில்லை. அர்பாவுக்கு வாற பெருநாளோட பன்னிரண்டாகுது. அதுக்குள்ள போனா அவவும் வரலாம்."

சபா சேர் என்னைப் பார்த்தார், மர்லியாவைப் பார்த்தார். பிறகு நான்கு விரலையும் கட்டைவிரலையும் திறந்து மூடி என் பெயரைச் சொல்லிக் காட்டினார். சரி என்பதற்கு அவர் வைத்திருந்த சைகை அதுதான் போல.

பிள்ளையின் விமான டிக்கெட்டை ரிம்ஸான் டோஹாவிலிருந்து அனுப்பினார். புறப்படுகிற காலையில் கட்டுநாயக்காவில் மர்லியாவின் முகத்தைப் பார்க்கவேண்டும், கலியாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தாள். கடலுக்கு மேலே போகும்போது அர்பா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு, தீவு தீவு தீவு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பணிப்பெண் அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தானும் செய்து காட்டினாள்.

விமானத்திலிருந்து இறங்கி வேகப்படகு ஏறினோம். படகு இறங்குதுறையில் நின்றது. நீலத் தண்ணீர், வெள்ளை மணல், ஈரத் துண்டோடு நின்ற சிரித்த முகங்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையாக நான்கு வெள்ளைக் கோல்ஃப் வண்டிகள்.

மர்லியா ஒரு கால் படகிலும் ஒரு கால் துறையிலுமாக நின்றுவிட்டாள்.

கோல்ஃப் மைதானத்தில் ஆட்களையும் பைகளையும் ஏற்றி ஓடுகிற அதே சின்ன வண்டிகள். பயணப்பைகளை அறைக்குக் கொண்டுபோக, நடக்க முடியாதவர்களை ஏற்ற, பகல் முழுவதும் தீவுக்குள் ஓடுகின்றன. நான் மர்லியாவிடம் ஆயிரம் தடவை வாகனம் இல்லை என்று சொல்லியிருந்தேன். தீவுக்காரர்களும் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மர்லியா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மறுநாள் ஏற்பாட்டைத் தட்டச்சு செய்வாள்: வாகனம் என்ற இடத்தில் வான், மைதானச் சாமான் என்ற இடத்தில் குடை, தண்ணீர்ப் போத்தல், வண்டி. கோல்ஃப்காரருக்கு அது ஒரு சாமான், சக்கரம் வைத்த ஒரு பை. இத்தனை வருடம் அந்த வண்டிகளை ஒழுங்கு செய்தவளுக்கும், பக்கத்து மேசையில் இருந்த எனக்கும், அது ஓடும் என்பதும் இடிக்கும் என்பதும் ஒரு நாளும் தோன்றவில்லை.

அதுவும் மின்சாரத்தில் ஓடுவது, சத்தமே இல்லை. ஒன்று எனக்குப் பின்னால் வந்து நின்றது. காது நன்றாகக் கேட்கிற நானே துள்ளினேன்.

மர்லியாவின் கை போய் மணிக்கட்டைப் பிடித்தது.

அர்பா தாயை நிமிர்ந்து பார்த்தாள். தீவு என்று சொல்ல முயன்றாள். அந்தச் சைகைக்கு இரண்டு கை வேண்டும். அவளிடம் ஒன்றுதான் இருந்தது. அகப்பட்டிருந்த கையைத் தாயின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கேட்டுக்கொண்டு நின்றாள். மர்லியா வேறு பக்கம் பார்த்தாள்.

நான் நேரே வரவேற்பு மேசைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். வாகனம் இல்லை என்றீர்களே, இது என்ன, ஆட்டுக்குட்டியா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர்கள் குளிர்ந்த இளநீர் தந்தார்கள். இளநீரைக் குடித்துவிட்டும் சண்டை பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அறைக்கு வந்தபோது மர்லியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்கட பிழையில்ல மயூரி. என்ட தொழில்ல ஈக்கிற சாமான நானே மறந்துட்டன்." கொஞ்சம் பொறுத்து, "ஆசப்பட்டது கூடிப்போச்சு போல" என்றாள்.

ஆசைப்பட்டது கூடிப்போனதாம்! ஒரு மண்பாதை! அன்று அந்தத் தீவையும் கோல்ஃபையும் மனத்துக்குள் நான் திட்டிய திட்டு இருக்கிறதே, இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை மைதானம் பார்க்கப் போனோம். எங்களை ஏற்றிப்போன வண்டியின் சாரதி பழனிமுத்து, மலையகத்தில் அட்டன் பக்கத்து ஆள். எங்கள் தமிழைக் கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மர்லியா மைதானத்தைப் பார்த்தாள், கேட்கவேண்டியதைக் கேட்டாள், வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் அன்று ஒரு கையால்தான் கைபேசியில் குறிப்பெடுத்தாள். மற்றக் கையில் பிள்ளை இருந்தாள்.

திரும்பி வரும்போது எங்களுக்கு முன்னால் ஒரு புதுமணச் சோடி, பாதையின் நடுவே, தோளில் கை போட்டுக்கொண்டு ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தது. பழனிமுத்து வேகத்தைக் குறைத்தார். அவர்கள் நின்று முத்தம் கொடுத்தார்கள். இவரும் நின்றார். நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, ஹோர்னை அடியுங்கோவன்" என்றேன்.

"அடிக்கக் கூடாதுங்க அக்கா. இங்க சட்டம் அப்பிடி. சத்தம் வேணாம்னுதானே வாறாங்க. முன்னுக்கு ஆள் நடந்தா நாங்க பின்னுக்கே வரணும். அவங்களாத் திரும்பிப் பாத்து ஒதுங்குற மட்டும் முந்தவே கூடாதுங்க."

"எவ்வளவு நேரமெண்டாலுமா?" என்று கேட்டது மர்லியா.

"எவ்வளவு நேரமானாலும்ங்க. நேத்து ஒரு சோடி அந்தக் கரை வரைக்கும் என்னைய இழுத்துக்கிட்டுப் போச்சு. அவங்களுக்கெல்லாம் காது எங்கங்க கேக்குது!"

மர்லியா சிரித்தாள், தீவுக்கு வந்த பிறகு முதல் தடவையாக.  பகல் முழுவதும் அறை வாசலில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வண்டி எப்படி வருகிறது, யார் பின்னால் எப்படி நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் கடலைப் பார்க்கக் கூப்பிட்டேன், வரவில்லை.

அஸர் தொழுதுவிட்டு வந்தாள். அதுதான் அங்கே எங்கள் கடைசிப் பின்னேரம். மூவரும் பாதைக்கு இறங்கினோம். இரண்டு பக்கமும் தாழை, நடுவே வெள்ளை மணல், நேரே போய் மறுகரையில் முடிகிற பாதை. மர்லியா நின்றாள். ஏதோ ஓதினாள். பிறகு சின்னி விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாகத் திறந்தாள்.

அர்பா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். இடக்கையால் வலக்கையைப் பிடித்தாள். விட்டாள். தீவு.

நடந்தாள். முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, பிறகு பார்க்காமல். கொஞ்சத் தூரம் போனதும் கைகள் இரண்டும் மேலே எழும்பின. தாழையோடு பேசினாள், நண்டோடு பேசினாள், இல்லாத யாரோடோ பேசினாள். நாங்கள் பின்னால் நடந்தோம். மர்லியா மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பக்கத்துப் பாதையிலிருந்து ஒரு வண்டி திரும்பி எங்களுக்கும் அர்பாவுக்கும் நடுவே வந்தது. ஓட்டியது பழனிமுத்து அல்ல, நாங்கள் கண்டிராத ஒருவர். பின்னால் ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி. அந்தப் பிள்ளைக்குக் காது கேளாது என்று அந்த ஆளுக்குத் தெரியாது. மர்லியா கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட்டு என்ன பயன்? ஓடப் போனாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். எங்கே பிடித்தேன் என்று பிறகுதான் பார்த்தேன், மணிக்கட்டில்.

"பொறும். பொறும் மர்லியா."

வண்டி வேகம் குறைந்தது. அர்பாவின் நடைக்குச் சரியாக, அவளுக்குப் பின்னால் ஊர்ந்தது. அர்பா ஒரு சங்கு நண்டைக் கண்டு நின்றாள், வண்டியும் நின்றது. அவள் குந்தியிருந்து நண்டுக்கு ஏதோ நீண்ட புத்திமதி சொன்னாள். வண்டியிலிருந்த வெள்ளைக்கார அம்மா எட்டிப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. யாரும் அவசரப்படவில்லை. பிள்ளை எழுந்து நடந்தாள், வண்டியும் நடந்தது. இப்படி ஒரு காட்சியைக் காலி வீதியில் நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

பிறகு ஏதோ நினைத்து அர்பா திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் வண்டியைக் கண்டதும் திடுக்கிட்டாள். கண் வண்டியைத் தாண்டித் தாயைத் தேடியது. மர்லியா வெகுதூரத்தில் நின்றாள். என் பிடியை உதறினாள். இரண்டு கையையும் தரைக்குச் சமமாக அகல விரித்தாள், அந்தச் சனிக்கிழமை மைதானத்தில் தூரத்தில் நின்ற ஆள் விரித்த மாதிரியே. பத்திரம். நல்ல இடத்தில்தான் நிற்கிறாய்.

அர்பாவின் முகம் மலர்ந்தது. ஓரமாக ஒதுங்கி, ஒரு ராணி மாதிரிக் கையசைத்து வண்டிக்கு வழிவிட்டாள். வயதானவர் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவள் மறுபடியும் நடக்கத் தொடங்கினாள், கைகள் மறுபடியும் எழும்பின.

மர்லியாவால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. அழுதுகொண்டு நின்றாள்.

"எவ்வளவு கதைக்கிறா பாருங்க மயூரி. இவ்வளவு கதையும் எங்க வச்சிருந்தா?"

திங்கட்கிழமை வெள்ளவத்தை அப்படியே இருந்தது. அதே பஸ், அதே ஹோர்ன், அதே புழுக்கம். தேத்தண்ணி நேரத்தில் மர்லியா என் மேசைக்கு வந்து தீவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கேட்பதற்கு அவளிடம் கேள்வி இருக்கவில்லை. பாதை எங்கே முடிகிறது என்று இப்போது அவளுக்கே தெரியும். தெரிந்த பிறகு ஏக்கம் கூடியிருந்ததே தவிரக் குறையவில்லை. எனக்கும்தான். கொழும்பில் ஒரே ஒரு பஸ், ஒரே ஒரு நாளைக்கு, அந்தப் பிள்ளைக்குப் பின்னால் மெதுவாக வந்தால் என்ன என்று நான் இப்போதும் நினைக்கிறேன். நடக்காத காரியம். ஆனாலும் நினைக்கிறேன்.

பின்னேரம் மூவரும் படியிறங்கி மஞ்சள் கடவைக்கு வந்தோம். நான் பஸ் நிலையம்வரை கூடப் போவது வழக்கம். தனியார் பஸ்கள் இரண்டு ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. மர்லியாவின் கை பழக்கத்தில் எழும்பியது. பாதியில் நின்றுவிட்டது. அந்தரத்தில் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பிடிக்காமல் இருக்கவும் முடியாது, பிடிக்கவும் மனம் வரவில்லை.

அர்பா தாயோடு இரண்டு கையாலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்தாள். பஸ்களைப் பார்த்தாள், தாயின் கையைப் பார்த்தாள். பிறகு தன் வலது மணிக்கட்டைக் கொண்டுபோய் அந்தக் கைக்குள் தானே வைத்தாள்.

கடந்தோம். நடைபாதையில் ஏறிச் சுவரோரம் நின்றோம். கொட்டாஞ்சேனை பஸ் வந்தது. பஸ்ஸில் கால் வைக்கும்போது மர்லியா திரும்பி என்னிடம் சொன்னாள்.

"அவதான் தந்தா மயூரி. நான் புடிக்கல்ல."